மூலகாரணம் என்ற கட்டத்தில் எழுதப்பட்டது

ஐயா அல்லது அம்மணி, இதை வாசிக்க அமர்ந்திருப்பவர் யாராயினும் தங்களுக்கு என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் படித்தவன் அல்லன். எழுதும் முறையைப் பொது நூலகத்தின் மேசையில் அமர்ந்து நானாகவே பழகிக்கொண்டேன். நடையில் பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும். செய்தியில் பிழை இல்லை.

என் மகளின் மகன், பத்தாம் வகுப்பு மாணவன், தன் வகுப்புத் தோழன் ஒருவனை எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலால் முகத்தில் அடித்து முன்பல்லை உடைத்தான். கைப்பேசியில் அவன் ஆடிவந்த துப்பாக்கி விளையாட்டே அதற்குக் காரணம் என்று பள்ளியின் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரி அந்தக் கோப்பில் எவ்வாறு ஏறியது என்பதை நான் அறிவேன். அதை ஏற்றியவர்களுள் நானும் ஒருவன்.

அந்த விளையாட்டை நான் பாராதவன் அல்லன். வேலையிலிருந்து நின்றபின், விடுமுறை நாள்களில் பேரனின் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்திருக்கிறேன். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கால் தரையில் பட்ட கணம் முதல் ஒருவரையொருவர் சுடத் தொடங்குகிறார்கள். என்ன பகை, யார் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்ற விசாரணை எதுவும் இல்லை. செத்தவன் ஒரு பெட்டியாக மாறிவிடுகிறான். கொன்றவன் அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் தோட்டாவையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். என் கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் ஐம்பது அறுபது பேர் இறந்துபோனார்கள்; அழுவதற்கு ஒரு தாய் வரவில்லை. புல்லின் நிறமும் நீரின் அலையும் மிகச் செம்மையாக வரையப்பட்டிருந்தன. இத்தனை அறிவையும் இத்தனை உழைப்பையும் கொட்டி இதைச் செய்து முடித்தவர்களை நினைத்து நான் வியந்ததுண்டு, மதித்ததில்லை.

"ஏங் கண்ணு, சோறு ஆறிப்போகுதல்ல?" என்று ஒருநாள் கேட்டேன். தாய்வழித் தாத்தாவான என்னை அவன் அப்புச்சி என்று அழைப்பான்.

"இருங்க அப்புச்சி. இதை நடுவுல நிறுத்தி வெக்க முடியாதுங்க. நாம நிறுத்துனா நம்மளச் சுட்டுப்போடுவாங்க."

"சுட்டா என்ன ஆகும்?"

"அடுத்த மேட்ச் ஆரம்பிக்குமுங்க."

இவ்வளவுதான் அந்த விளையாட்டின் தத்துவம். இதனால் அவனுக்குக் கேடு நேரவில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. சோறு ஆறியது, மதிப்பெண் குறைந்தது. இணையம் அறுந்துபோன ஒரு மாலையில் குளியலறைக் கதவை உதைத்து அதன் தாழ்ப்பாளைப் பெயர்த்தான். தாயிடம் பேசும் சொற்கள் ஒன்றும் இரண்டுமாகச் சுருங்கின.

ஆனால் அந்தக் கைப்பேசி வானத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் குதிக்கவில்லை. என் மருமகன் அதை வாங்கித் தந்தார். அவர் வீரபாண்டியில் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் வைத்துப் பவர் டேபிள் நடத்துகிறார். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கும் தொழில். என் மகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். காலையில் போனால் இருட்டிய பின்பே திரும்புவாள். பையன் பள்ளிவிட்டு நேராகத் தந்தையின் யூனிட்டுக்குச் சென்று, நூல் கத்தரிக்கும் மேசைக்கருகே உட்கார்ந்து டெய்லர்களோடு பேசிக்கொண்டிருப்பான். பேச்சில் உற்பத்தி கெடுகிறது என்று கண்ட மருமகன், அவனை வீட்டிலேயே இருத்திவைக்க அந்தக் கருவியை வாங்கினார். கருவி தன் வேலையைப் பழுதின்றிச் செய்தது. பையன் வீட்டில் இருந்தான்.

அந்த விளையாட்டில் நால்வர் ஓர் அணி. அணியினர் குரல் கைப்பேசியில் கேட்கும். குண்டுபட்டு விழுந்தவனை, அவன் சாகுமுன் அணித்தோழன் ஓடிவந்து ஒரு பொத்தானை அழுத்தி எழுப்பிவிடலாம். அவற்றுள் ஒரு குரல், "ஏலே, விழுந்துட்டேன்லே, வந்து தூக்குலே" என்று தென்மாவட்டத் தமிழில் அடிக்கடி கூப்பிடும். என் மருமகனின் யூனிட்டில் துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தை ஓட்டும் டெய்லர் ஒருவரின் மகன் அவன். என் பேரனின் வகுப்பிலேயே படித்தான். பல் உடைந்தது அவனுக்குத்தான்.

அது ஒரு வியாழக்கிழமை. உணவு இடைவேளையில் அடி விழுந்திருக்கிறது. பிற்பகலில் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். திங்கட்கிழமை இரு வீட்டாரும் வர வேண்டும், விசாரணை நடக்கும் என்றார் தலைமையாசிரியர். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரம் அது. இந்த நேரத்தில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டால் வேறெந்தப் பள்ளியும் சேர்க்காது. ஓராண்டுப் படிப்பு மண்ணாய்ப் போகும். என் மகள் அன்று மாலை அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

செய்தி பரவியதும் தெருவே மருத்துவராக மாறி நோய்க்குப் பெயர் சூட்டியது. ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் எங்கள் எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்தார். தேநீர் இடைவேளை முடிந்து இரண்டு நிமிடம் தாமதமாக வந்த வடநாட்டுத் தொழிலாளி ஒருவனை அவர் கன்னத்தில் அறைந்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கை ரொம்ப நீளுதுங்க," என்றார் அவர். "எல்லாம் அந்த கேமுதானுங்க. ரத்தத்தைப் பாத்துப் பாத்து மனசு மரத்துப்போகுது."

அவர் எந்தக் கைப்பேசியில் பயின்றார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த விடை அப்போது வசதியாக இருந்தது.

எங்கள் ஊர்த் தொழிலின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு வியாபாரிகள், தாம் வாங்கும் பனியன் எப்படிப்பட்ட இடத்தில் தைக்கப்படுகிறது என்று பார்த்துவர ஆட்களை அனுப்புவார்கள். அதற்கு ஆடிட் என்று பெயர். அவர்கள் வருவதற்கு முந்தைய வாரம் கம்பெனி புதுப்பிறவி எடுக்கும். மூட்டை அடுக்கிய அவசர வழி திறக்கும். வெறும் முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் முளைக்கும். தொழிலாளர்களை வரிசையாக உட்காரவைத்து விடைகளை மனப்பாடம் செய்விப்போம். எத்தனை மணிநேரம் வேலை என்றால் எட்டு. மிகைநேரம் உண்டா என்றால், எங்கள் விருப்பப்படி. சூப்பர்வைசர் திட்டுவாரா என்றால், இல்லை, அன்பாகப் பேசுவார். நான் தையல் இயந்திர வரிசையை மேற்பார்க்கும் லைன் இன்சார்ஜ் என்ற பொறுப்பில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். விடை சொல்லிக்கொடுக்கும் வேலை என்னுடையது. எங்கள் கம்பெனி ஓர் ஆடிட்டிலும் தோற்றதில்லை. இதைப் பெருமையாக எண்ணித்தான் ஓய்வு பெற்றேன்.

சனிக்கிழமை மருமகன் என்னிடம் வந்தார். "ஏனுங்க மாமா, இதும் ஒரு ஆடிட்டுதானுங்களே. நீங்க பாக்காத ஆடிட்டா? பையனக் கொஞ்சம் தயார் பண்ணிப்போடுங்க."

ஒரு குழந்தையின் வாழ்வில் நிகழ்ந்த தவற்றை ஆடிட் என்று எண்ணும் மூடத்தனம் வேறெந்த ஊரிலும் விளையாது. நானோ உடனே ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலை பலகாரம் முடிந்ததும் கூடத்தில் ஒத்திகை தொடங்கியது. மருமகன் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து தலைமையாசிரியர் ஆனார். பேரன் எதிரே நின்றான். என் மகள் கதவோரம் நின்றாள்.

"தம்பி, எதுக்கு அடிச்ச?" என்றார் மருமகன்.

"கோவத்துல அடிச்சேனுங்க."

"அப்படிச் சொல்லப்படாது கண்ணு," என்று நான் குறுக்கிட்டேன். "கோவம்னு சொன்னா, என்ன கோவம்னு அடுத்த கேள்வி வரும். அடுத்த கேள்வி வராத மாதிரி பதில் சொல்லோணும். 'கேம் ஆடி ஆடி எனக்கே தெரியாம கை ஓடிருச்சுங்க சார்'னு சொல்லு."

"கை எப்படீங்க அப்புச்சி தானா ஓடும்? அதென்ன மெஷினா?"

"சொல்லிக்குடுக்கறத மட்டும் சொல்லு சாமி," என்றாள் மகள்.

"அப்ப டெய்லருங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக்குடுத்தீங்களா அப்புச்சி? 'சூப்பர்வைசர் அன்பாப் பேசுவாருங்க'ன்னு?"

மருமகன் என்னைப் பார்த்தார். "வாயப் பாத்தீங்களா மாமா. இதும் கேம்ல இருந்து வந்ததுதானுங்க."

பத்து முறை சொல்லவைத்தோம். பத்தாம் முறை அவன் விடையைப் பிசகின்றிச் சொன்னான். சொல்லும்போது சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தான். மனப்பாடம் செய்த தொழிலாளியும் அப்படித்தான் எங்காவது பார்ப்பார். அது நல்ல அறிகுறி என்று எனக்குப் பழக்கம் சொல்லியது.

அடுத்து மருமகன் ஒரு காரியம் செய்தார். ஆடிட்டில் குறை கண்டுபிடிக்கப்பட்டால், கம்பெனி அதற்குத் திருத்த நடவடிக்கைப் படிவம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஐந்து கட்டங்கள் இருக்கும்: குறை, மூலகாரணம், திருத்தம், பொறுப்பாளர், முடிக்கும் நாள். அந்தப் படிவத்தைத் தம் யூனிட்டின் பெயர் அச்சிட்ட தாளில் தட்டச்சு செய்து, வட்ட முத்திரையும் குத்திக் கொண்டுவந்தார். குறை என்ற கட்டத்தில், சக மாணவர் ஒருவருக்கு முன்பல் சேதம். மூலகாரணம், மொபைல் கேம். திருத்தம், கேம் நீக்கப்பட்டுக் கைப்பேசி பீரோவில் பூட்டப்படும்; மாதந்தோறும் கிருத்திகையன்று பையன் முருகன் கோவிலுக்கு அழைத்துச் செல்லப்படுவான். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் என் மகளின் பெயர் இருந்தது. அவளைக் கேட்காமலே எழுதியிருந்தார். கருவியை வாங்கியவர் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இத்தனை ஏற்பாட்டிலும், அடிப்பதற்கு முன்னால் அந்த இரண்டு பையன்களுக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பையன் சொல்லியிருப்பான். குறையின் காரணத்தைத் தேடாமல் கட்டத்தை மட்டும் நிரப்பும் கல்வியில் நாங்கள் அவ்வளவு தேர்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமையாசிரியர் அறைக்குச் சென்றோம். அவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்; வகுப்பாசிரியை பக்கத்தில் இருந்தார். சென்ற மாதம்தான் கைப்பேசி விளையாட்டின் தீமை குறித்து வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்து மாணவர்களுக்குச் சொற்பொழிவு நடத்தியிருந்தார்கள். அதன் விளம்பரத் தாள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நோய் வருமுன்பே மருந்துச் சீட்டு தயாராக இருந்தது என்று கொள்ளலாம்.

அடிபட்ட பையனின் தந்தையும் வந்திருந்தார். அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலி இரண்டு காலியாக இருந்தன. முதலாளி உட்கார்ந்திருந்ததால் அவர் நின்றார். பையனின் உதடு வீங்கியிருந்தது.

தலைமையாசிரியர் எங்கள் படிவத்தைப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நானும் எத்தனையோ பேரண்ட்ஸப் பாத்திருக்கேன். இப்படிக் காரணத்தையும் எழுதி, பரிகாரத்தையும் எழுதி, சீல் போட்டுக் குடுத்தவங்க நீங்கதாங்க," என்றார் மருமகனிடம். பிறகு பேரனிடம் திரும்பினார். "ஏப்பா, கேம் ஆடித்தானே கை நீட்டுன?"

பேரன் சுவரைப் பார்க்கவில்லை. அடிபட்டவனின் உதட்டைப் பார்த்தான்.

"இல்லீங்க சார்."

மருமகன் தொண்டையைச் செருமினார். "பயத்துல மாத்திச் சொல்றானுங்க சார்."

"இல்லீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னேனுங்க. அவன் என்ற காலரப் புடிச்சான். நான் பாட்டில்ல அடிச்சேன்."

"என்ன வார்த்தை?" என்றார் தலைமையாசிரியர்.

அடிபட்டவன்தான், வீங்கிய உதட்டோடு, காற்று வழியும் பேச்சில் சொன்னான்: "எங்கப்பாவ ரிஜெக்ட் பீஸுன்னான் சார். எங்கப்பா ரிஜெக்ட் பீஸு, அதுல தச்ச நான் மட்டும் எப்படித் தேறுவேன்னு எல்லார் முன்னாலயும் கேட்டான்."

பனியன் தைத்து முடிந்ததும் செக்கிங் மேசைக்குப் போகும். திருத்தக்கூடிய பிழை இருந்தால் டெய்லரிடமே திரும்பி வரும். திருத்த முடியாததைத் தனியே கட்டி மூலையில் எறிவார்கள். அது ரிஜெக்ட் பீஸ். எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த சொல் அது.

வகுப்பாசிரியை தலையை அசைத்து வருந்தினார். "பாருங்க சார், இந்த மாதிரிப் பேச்செல்லாம் அந்த கேம்ல இருந்துதான் கத்துக்கறாங்க."

அந்தத் தீவில் விமானம் உண்டு, துப்பாக்கி உண்டு, இறந்தவன் தொப்பி உண்டு. செக்கிங் மேசை அங்கே இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அந்தச் சொல் வந்த வழி எனக்குத் தெரியும். துணியைக் குறிக்கும் அந்தச் சொல்லை மனிதர்மேல் எறியும் வழக்கத்தை எங்கள் கம்பெனியில் தொடங்கிவைத்தவன் நான். ஒரு நாளைய உற்பத்தி குறைந்தால், லைனின் தலைமாட்டில் நின்றுகொண்டு, குறைத்தவர் பெயரைச் சொல்லி, "இந்த ரிஜெக்ட் பீஸை எவன் வேலைக்கு வெச்சான்" என்று அறுபது பேர் கேட்கக் கத்துவேன். கத்திய அடுத்த மணிநேரத்தில் உற்பத்தி உயரும். அதனால் அதைத் திறமை என்று எண்ணினேன். தென்மாவட்டத்திலிருந்து புதிதாக வந்து என் லைனில் சேர்ந்த அந்த டெய்லர் அதைப் பலமுறை என் வாயால் கேட்டவர். அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் அன்று தைத்துக்கொண்டிருந்த இளைஞர்தான் பின்னாளில் எனக்கு மருமகன் ஆனவர். தொழிலையும் என்னிடம் கற்றார், குரலையும் என்னிடம் கற்றார். தனியே யூனிட் வைத்தபோது இரண்டையும் கொண்டுபோனார். நூல் கத்தரிக்கும் மேசைக்கருகே உட்கார்ந்திருந்த பையன் அதைத் தந்தையின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டான்.

இவையெல்லாம் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது டெய்லர் பேசினார். அவர் தலைமையாசிரியரைப் பார்க்காமல் என் மருமகனைப் பார்த்தே பேசினார்.

"சார், பயலுவ சண்டைதான. ஒண்ணா விளையாடுத பயலுவ. கேமுன்னே எழுதிக்கிடுங்க சார். எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

தலைமையாசிரியர் பேரனிடம் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "தம்பி, நல்லாக் கேட்டுக்கோ. கேம்னா அது ஒரு பழக்கம். திருத்திக்கலாம். கேம் இல்லேன்னா அது உன் குணம். குணத்துக்கு நான் டி.சி.தான் எழுதோணும். இப்பச் சொல்லு."

என் மகள் பையனின் முழங்கையைத் தொட்டாள். சொல்லிவிடு என்பது அந்தத் தொடுகை.

"கேம்ல அவன் என்ற டீமுங்க சார்," என்றான் பேரன். "எனக்குச் சரியாச் சுட வராதுங்க. அவன் விழுந்தா நான் போய்த் தூக்கிவிடுவேன். அதுதான் என்ற வேலை." தாயின் கையிலிருந்து முழங்கையை விலக்கிக்கொண்டு தொடர்ந்தான். "அன்னிக்கு விழுந்தப்ப, எந்திரிச்சுருவான்னு பாத்துட்டே நின்னேனுங்க. எந்திரிக்கல. வாயில ரத்தம் வந்துச்சு. வேற பசங்கதான் வந்து தூக்குனாங்க."

அந்த விளையாட்டுக்கு எதிராக அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மையான சாட்சியம் அதுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் மனிதன் எழுந்துவிடுவான் என்று கண்ணைப் பழக்கிவைத்திருந்தது அது. கையை ஓட்டியது வேறு. கையை ஓட்டிய பின் காலை அசையவிடாமல் நிறுத்தியது இது. சொற்பொழிவு நடத்தியவர்களும், படிவம் எழுதியவர்களும், தெருவில் நோய்க்குப் பெயரிட்டவர்களும் தேடிக்கொண்டிருந்த பொருள் அவர்கள் முன்னால் வந்து நின்றது. ஒருவரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

நான் எழுந்தேன். "அந்த வார்த்தை என்னோடதுங்க சார்," என்றேன்.

"மாமா, நீங்க சும்மா இருங்க," என்றார் மருமகன்.

"இத்தனை வருசமும் சும்மா இருந்தேனுங்க மாப்ள." தலைமையாசிரியரிடம் சொன்னேன்: "கம்பெனில நான் கத்துன வார்த்தைங்க. இதோ இவரப் பாத்தே கத்தியிருக்கேன். என்ற மாப்பிள்ளை இன்னைக்கும் கத்தறாருங்க. பையன் அதத்தான் ஸ்கூலுக்குக் கொண்டுவந்திருக்கான். டி.சி. குடுக்கறதா இருந்தா எந்தக் குணத்துக்குக் குடுக்கறீங்கன்னு தெரிஞ்சு குடுங்க."

டெய்லர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மகன் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. தந்தை இருபது ஆண்டுகளாக வீட்டில் சொல்லாமல் காத்துவந்த ஒன்றை, உண்மை பேசுகிறேன் என்று நான் ஒரு நொடியில் அவன் முன்னால் போட்டுடைத்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

தலைமையாசிரியர் பேனாவை மூடித் திறந்தார். "பெரியவரே, நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுமுங்க. ஆனா ரெக்கார்டுல என்னன்னு எழுதறது? மூலகாரணம்னு இருக்கற எடத்துல 'பையனோட அப்புச்சி'ன்னா எழுத முடியும்?"

வகுப்பாசிரியை சிரிப்பை அடக்கினார். மருமகன் அடக்கவில்லை.

"பேப்பர் நல்லா இருக்குதுங்க," என்று தொடர்ந்தார் தலைமையாசிரியர். "இதையே வெச்சுக்கறேன். பையன் இதுல கையெழுத்துப் போட்டாப் போதும். ரெண்டு வாரம் தனி பெஞ்சுல உக்காரட்டும். பேர்ப்பட்டியல்ல பேரு போயிருமுங்க."

பேரன் கையெழுத்திட மறுத்தான். கத்தவில்லை, அழவில்லை, "இதுல இருக்கறது நெசம் இல்லீங்க சார்" என்று சொல்லிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஓராண்டை இழக்க நேரும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆடிட்டுகளில் நான் பார்த்த தொழிலாளிகளில் ஒருவர்கூட அப்படிச் செய்ததில்லை. செய்யும்படி நான் விட்டதில்லை. மருமகன் பேனாவைப் பிடுங்கி, காப்பாளர் என்ற முறையில் தாமே கையெழுத்திட்டார். கோப்பு மூடப்பட்டது. பையனின் இடம் பிழைத்தது. அவன் உண்மை சொன்னதற்காக அது பிழைக்கவில்லை. நாங்கள் சொன்ன பொய்க்கு முத்திரை இருந்ததால் பிழைத்தது.

அந்த வாரமே நான் டெய்லரின் அறைக்குச் சென்றேன். ஒற்றை அறை, அவர் மனைவி தேநீர் வைத்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் அவர் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொல்லியே விட்டேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் விடுங்க அண்ணாச்சி," என்றார். "வேலன்னா நாலு பேச்சு வரத்தான செய்யும். நான் அதெல்லாம் மனசுல வைக்கதில்ல. பய முன்னால சொல்லிட்டீங்க, அதான். இனி அவன் என்னைய எப்படிப் பார்ப்பானோ தெரியல."

அடுத்த திங்கட்கிழமை அவர் முதலிபாளையத்தில் வேறொரு யூனிட்டில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. "நல்ல ஓவர்லாக் ஆளுங்க மாமா. உங்க பேச்சால போச்சு," என்றார் மருமகன். ஆள் போனதற்கும் மூலகாரணம் அவருக்கு உடனே கிடைத்துவிட்டது.

கைப்பேசி இப்போது பீரோவில் இருக்கிறது. படிவத்தில் எழுதியதை எழுதியபடி நிறைவேற்றுவதில் எங்கள் குடும்பம் நேர்மையானது. கைப்பேசி இல்லாத பையனை வீட்டில் தனியே விடக்கூடாது என்பதால், பள்ளிவிட்டதும் தந்தையின் கண்பார்வையில் இருக்கட்டும் என்று அவனை யூனிட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அங்கே உட்கார்ந்து பாடம் படிக்கிறான். மருமகன் லைனில் நடந்துகொண்டு தம் வழக்கப்படி பேசுகிறார். கேட்கவேண்டியதை எல்லாம் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் திருந்திவருவதாகத் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள்.

அடிபட்டவனுக்குப் பல் கட்டியாயிற்று. இருவரும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். பேசிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "நான் போய்ப் பேசுனேனுங்க அப்புச்சி. அவன் ஒண்ணும் சொல்லல. நாளைக்கும் போவேன்," என்றான் பேரன்.

சென்ற வாரம் நான் தலைமையாசிரியரைக் கண்டு, நடந்ததை ஒரு தாளில் எழுதித் தருகிறேன், அந்தக் கோப்பிலேயே அந்தப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். மரியாதையாக உட்காரச் சொன்னார். விதியில் அதற்கு இடமில்லை என்றும் சொன்னார். ஆகவே அந்தக் கோப்பில், ஒரு பையனின் கையைக் கைப்பேசி ஓட்டியது என்று இருக்கிறது. "இல்லீங்க சார்" என்று அவன் இரு முறை சொன்னதும், ஓராண்டுப் படிப்பை இழக்க அஞ்சாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதும் அங்கே இல்லை. அவற்றை எழுதிய தாள் இது ஒன்றே. ஐயா, அம்மணி, இதைத் தாங்கள் எறிந்துவிடாமல் எடுத்து வைத்திருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.